போர்க்களம் சென்றோரும் ஊரில் நின்றோரும்

பத்துப்பாட்டு என்னும் தொகையிலே மிகச் சிறியது முல்லைப்பாட்டு. நப்பூதனார் இயற்றிய அப்பாட்டு 103 அடிகளே கொண்டது. அரசன் ஒருவன் போர்மேற் சென்று பாசறையில் இருக்கின்றான். அவன் தேவி அவன் வரவை எதிர்நோக்கி மாளிகையில் வருந்தியிருக்கின்றாள். கார்காலம் வந்துவிட்டது; அவனோ வந்திலன். அவ்வேளையில் ஊரிலுள்ள முதிய பெண்டிர் நெல்லும் முல்லைமலருங் கொண்டு மாலைப்பொழுதில் ஊர்ப்புறஞ் சென்று, தெய்வத்தைத் தொழுது, நற்சொற் கேட்டு நிற்கின்றனர். மேய்ச்சலுக்குச் சென்ற தாயைக் காணாது வாடும் கன்றை நோக்கி ஆயர்மகள் ஒருத்தி, உன் தாய் இப்பொழுதே வந்துவிடும் என்று தேற்றுகின்றாள். அந்தச் சொல் அம்மூதாட்டியர் செவியில் விழுகின்றது. அதனையே நன்னிமித்தமாகக் கொண்டு அவர்கள் திரும்பிவந்து, தலைவன் மீள்வான், வருந்தற்க என்று தேவிக்கு ஆறுதல் கூறுகின்றனர்.

இப்பாட்டைப் படிப்போர் பெரும்பாலும் தலைவனையும் தலைவியையுமே நினைவிற் கொள்வர். அம்மூதாட்டியரை எண்ணுவோர் சிலரே. போரைத் தொடங்கியவர்கள் அவர்கள் அல்லர். அதனை முடித்து வைக்கும் ஆற்றலும் அவர்களுக்கு இல்லை. ஆயினும் காத்திருக்கும் ஒருத்தியைத் தனியே காத்திருக்க விடலாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மழைக்கால மாலையில் ஊருக்கு வெளியே சென்று நின்றார்கள்; ஒரு சொல்லைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். போர்முனை சென்றவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஊரவர் காட்டும் ஆதரவு என்பதன் தொடக்கம் இதுவே.

பழந்தமிழ் நாட்டில் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டினர் என்பது பலரும் அறிந்த செய்தி. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நாட்டி வாழ்த்துவது வரையுள்ள நிலைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகின்றது. அதே அளவுக்கு அறியப்படாத சொல் ஒன்று கல்வெட்டுக்களில் உண்டு. அது உதிரப்பட்டி என்பது. போரில் உயிர்நீத்தவன் பொருட்டு அவன் குடும்பத்தார்க்கு அளிக்கப்பட்ட நிலத்துக்கு அப்பெயர் வழங்கிற்று. நடுகல் இறந்தவனுக்கு உரியது. உதிரப்பட்டி உயிரோடு இருப்பவர்க்கு உரியது. கல் வழிபடுவதற்கு, நிலம் உழுதுண்பதற்கு. இவ்விரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியும்பொழுது நேர்வது யாது என்பதை அண்மைக்கால வரலாறு பலவிடங்களிற் காட்டுகின்றது. அவ்வரலாற்றிலிருந்து சில நிகழ்ச்சிகளை ஈண்டு எடுத்து நோக்குவோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில் நெப்ராஸ்கா என்னும் மாநிலம் உளது. கண்ணுக்கெட்டிய தூரமும் புல்வெளியும் தானிய வயலும் பரந்த நாடு அது. அங்கே நோர்த் பிளாற் என்பது ஒரு புகையிரதப் பட்டினம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதன் மக்கட்டொகை ஏறக்குறைய 12,000. யூனியன் பசிபிக் புகையிரதக் கம்பனியின் பெருவழி அவ்வூரினூடாகச் செல்கின்றது. அந்நாளில் நீராவி இயந்திரங்களுக்கு நீரேற்றவும் எண்ணெயிடவும் வேண்டி வண்டிகள் அங்கே 10 அல்லது 15 நிமிடம் நிற்பது வழக்கம்.

1941ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆந் திகதி பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. அமெரிக்கா போரில் இறங்கிற்று. பத்து நாட்கள் கழிந்து, 17ஆந் திகதியன்று, நோர்த் பிளாற்றில் ஒரு செய்தி பரவிற்று. நெப்ராஸ்கா மாநிலப் படையின் ‘டி’ அணி ஏறிய வண்டி அன்று அவ்வழியே செல்லும் என்பதே அச்செய்தி. அவ்வணியில் இருந்தோர் அவ்வூர்ப் பிள்ளைகள். தாயர், தந்தையர், தங்கையர், மணம் பேசப்பட்ட பெண்கள் எனச் சுமார் 500 பேர் நிலையத்திற் கூடினர். ஒவ்வொருவர் கையிலும் பழமோ பலகாரமோ சிகரெட்டோ ஏதோ ஒன்று இருந்தது. நத்தார்ப் பண்டிகை நெருங்கியிருந்த காலம் அது.

நெடுநேரம் காத்திருந்த பின் வண்டி வந்தது. அதில் ‘டி’ அணியே இருந்தது. ஆனால் அது நெப்ராஸ்காவின் அணி அன்று. அயல் மாநிலமாகிய கன்சாசின் அணி. சாளரங்களில் தெரிந்த முகங்களில் ஒன்றேனும் அவ்வூராருக்குப் பழக்கமானதாக இல்லை. கூட்டம் சிறிது நேரம் வாளாவிருந்தது. பின்னர் ஒருவர் முன்சென்று, தம் மகனுக்கென்று கொணர்ந்ததை அறியாத இளைஞன் ஒருவனிடம் நீட்டினார். மற்றையோரும் அவ்வாறே செய்தனர். வண்டி புறப்பட்டபொழுது கொண்டுவந்த பொருள் யாவும் வண்டியிலே சென்றன. வந்தவர்கள் வெறுங்கையோடு வீடு மீண்டனர்.

அக்கூட்டத்திலே ரே வில்சன் என்னும் 26 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மருந்துக்கடை ஒன்றில் விற்பனையாளராய் இருந்தவள். எதிர்பார்க்கப்பட்ட அணியின் தலைவனுடைய தங்கை. அன்று கண்ட காட்சி அவள் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. அவள் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாள். இவ்வூர் வழியே செல்லும் படைவீரர் அனைவர்க்கும், அவர் எந்த மாநிலத்தவராயினும், ஏன் இவ்வாறு உபசாரஞ் செய்தலாகாது என்று அவள் கேட்டாள். அப்பணியைத் தானே ஊதியமின்றி முன்னின்று நடத்துவதாகவுங் கூறினாள். கடிதம் வெளிவந்து ஒரு வாரமே கழிந்தது. 1941 டிசெம்பர் 25ஆந் திகதி, நத்தார் இரவில் வந்த வண்டியிலிருந்து இறங்கிய வீரர்களை அவ்வூர்ப் பெண்கள் உணவோடு எதிர்கொண்டனர்.

அன்று தொடங்கிய அந்த உபசாரசாலை 1946 ஏப்பிரல் 1ஆந் திகதி வரை, போர்க்கால நாட்களில் ஒன்றையேனும் விட்டுவிடாது, விடியற்காலம் முதல் நள்ளிரவுக்குப் பின் செல்லும் கடைசி வண்டிவரை நடைபெற்றது. நிலையத்தில் மூடிக்கிடந்த உணவு மண்டபத்தைப் புகையிரதக் கம்பனியார் கொடுத்துதவினர். அக்கம்பனியின் தலைவராயிருந்த வில்லியம் ஜெவர்ஸ் என்பவர் நோர்த் பிளாற்றிலே பிறந்து வளர்ந்தவர். அங்ஙனம் பசியாறிச் சென்ற படையினரின் தொகை ஏறக்குறைய 60 இலட்சம் என்பர். பணிசெய்த தொண்டர் 55,000 பேர் வரையில். அவருட் பெரும்பாலோர் பெண்கள்.

பன்னீராயிரம் பேர் வாழும் ஊர் ஒன்று இவ்வளவையும் எவ்வாறு செய்தது என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது. நாளொன்றுக்கு 3,000 முதல் 5,000 பேர் வரை வந்து சென்றனர். படையினர் செல்லும் வழியும் நேரமும் போர் இரகசியம் ஆதலின் முன்கூட்டிப் பறைசாற்றுதல் இயலாது. ஆகவே வண்டி அணுகும்பொழுது, கோப்பிப் பாத்திரம் அடுப்பில் ஏறிவிட்டது என்னும் மறைமொழி தொலைபேசியில் வரும். உடனே பெண்கள் ஆயத்தமாவார்கள். கதவு திறந்ததும் இளைஞர் ஓடிவருவர். பாண் துண்டுகளிடையே இறைச்சி வைத்துக் கட்டிய பொதிகள், அவித்த முட்டை, பால், சூடான கோப்பி, பழம், கேக் என யாவும் மேசைகளில் இருக்கும். பத்தே நிமிடத்தில் உண்டு, ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டு, பியானோவைச் சுற்றி நின்று ஒரு பாட்டுங் கேட்டு, அவர்கள் திரும்பவும் வண்டிக்கு ஓடுவர். இறங்க முடியாத நோயாளர் ஏறிய வைத்திய வண்டி வருமாயின் பெண்களே கூடைகளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள்ளே செல்வர்.

அக்காலத்தில் சீனி, இறைச்சி, கோப்பி, பெற்றோல், மோட்டார் டயர் எல்லாம் பங்கீட்டு முறையிற் கிடைத்தவை. ஆதலால் மிச்சத்திலிருந்து எடுத்துக் கொடுத்தனர் என்று கூறமுடியாது. ஓர் இல்லத்தலைவி வீரர்களுக்குக் கேக் செய்தாள் என்றால், அவள் பிள்ளைகள் அந்த மாதம் சீனியின்றித் தேநீர் குடித்தார்கள் என்பது அதன் பொருள். நோர்த் பிளாற் மாத்திரமன்றிச் சுற்றிலுமிருந்த 125 வரையான ஊர்களும் குடியேற்றங்களும் முறைவைத்து வந்து உதவின. தத்தமக்குரிய நாளுக்கு முதல்நாள் அவ்வூர்ப் பெண்கள் முட்டை அவித்து, கோழி பொரித்து, பெற்றோற் பங்கைச் சேர்த்துவைத்து, ஒரே வண்டியில் நெருங்கியமர்ந்து வந்து சேர்ந்தனர். வேட்டைக் காலத்தில் ஆடவர் சுட்டுக் கொணர்ந்த காட்டுக்கோழிகள் பாண் துண்டுகளிடையே இடம்பெற்றன. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கால்நடை ஏலம் நடக்குமிடத்துக்குச் சென்று, தான் உடுத்திருந்த சட்டையைக் கழற்றி ஏலங் கூறினான். வாங்கியவர் பணத்தைக் கொடுத்துச் சட்டையையும் திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஏலத்தில் மீண்டும் அது விற்கப்பட்டது. இவ்வாறு பல சட்டைகள், பலமுறை.

அரசாங்கப் பணம் இப்பணிக்குச் செலவிடப்படவில்லை. சனாதிபதி றூஸ்வெல்ற் அனுப்பிய 5 டொலர் காசோலை ஒன்றை அவ்வூரார் பெருமையோடு குறிப்பிடுவர். அதுவும் ஒரு தனிமனிதர் தந்த நன்கொடையே.

பிறந்தநாளைப் பற்றிய வழக்கம் ஒன்றும் அங்கு இருந்தது. அன்று எவர்க்கேனும் பிறந்தநாளா என்று பெண்கள் கேட்பார்கள். உண்டு என்பவனுக்கு ஒரு முழுக் கேக் கிடைக்கும். உண்மையிற் பிறந்தநாள் இல்லாத சிலரும் கைதூக்கினர் என்பது யாவர்க்குந் தெரியும். எவரும் அதனை ஆராயப் புகுந்திலர். அடுத்த பிறந்தநாளைக் காண்பானோ என்று அறியாத இருபது வயது இளைஞனிடம் சான்று கேட்பது யார்?

அங்கு பணிபுரிந்த பெண்களில் சிலருடைய புதல்வர்களும் போர்முனையில் இருந்தனர். மகன் இறந்தான் என்னும் தந்தியைப் பெற்ற ஒரு தாய், சில நாட்களின் பின் மீண்டும் வந்து மேசையருகே நின்றாள் என்று உடன் பணிபுரிந்தோர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். தன் மகனுக்கு இனிச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வேறொருத்தியின் மகனுக்குச் செய்யலாம் என்பது அவள் எண்ணம். முதல்நாளில் கன்சாஸ் இளைஞருக்குக் கை நீட்டிய தாயின் செயலும் இத்தகையதே. அறியாத முகத்தில் தன் பிள்ளையைக் காணுதல் என்னும் அந்த ஒன்றே நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வூரை நடத்திற்று.

அந்நிலையக் கட்டிடம் 1973இல் இடித்து அகற்றப்பட்டது. ஆயினும் வழக்கம் முற்றாக மறையவில்லை. 2018ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பயிற்சி முடிந்து திரும்பிய ஆர்க்கன்சோ மாநிலப் படையினர் சுமார் 700 பேர் அவ்வழியே சென்றபொழுது, நோர்த் பிளாற் மக்கள் மீண்டும் மேசை விரித்தனர்.

இதுகாறும் கூறியது செல்வோர்க்குச் செய்த உபசாரம். இனி, வீட்டில் நிற்போரின் நிலையை நோக்குவோம். வழியில் நிற்கும் வீரனுக்கு உணவளித்தல் பத்து நிமிடத்தில் முடிவது. அவன் மனைவி மக்களுக்கு உணவளித்தல் பத்தாண்டு வேலையாதலுங் கூடும்.

ரே வில்சனின் கடிதத்துக்கு 56 ஆண்டுகளுக்கு முன்னரே வேறொரு கடிதம் எழுதப்பட்டது. 1885ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானியப் படை ஒன்று எகிப்துக்குப் புறப்பட்டது. அக்காலத்துப் படைவிதிகளின்படி, மேலதிகாரியின் அனுமதி பெற்று மணம் புரிந்தவனுடைய மனைவிக்கே படைக் குடியிருப்பும் பிற உதவிகளும் உண்டு. அனுமதியின்றி மணம் புரிந்தவனுடைய மனைவி படைக் கணக்கில் இல்லாதவள். கணவன் கப்பல் ஏறிய கணமே அவளுக்கு வீடும் இல்லை, வருவாயும் இல்லை. இதனைக் கண்டு வருந்திய ஜேம்ஸ் கில்டியா என்னும் படையதிகாரி, லண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பணமும் தொண்டர்களும் வேண்டினார். அதிலிருந்து தோன்றியதே படைவீரர் குடும்பங்களுக்கான சங்கம். நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அது பணிபுரிந்து வருகின்றது.

1899இல் தென்னாபிரிக்கப் போர் மூண்டபொழுது ருட்யாட் கிப்ளிங் வீரர் குடும்பங்களுக்குப் பொருள் சேர்க்கும் நோக்கத்துடன் ஒரு செய்யுள் எழுதினார். ஆதர் சலிவன் அதற்கு இசையமைத்தார். அதனால் திரண்ட நிதி இரண்டரை இலட்சம் பவுணுக்கு மேற்பட்டது. பொதுமக்கள் ஈகையில் வல்லவர் என்பதற்கு இது சான்று. அதே வேளையில், அரசாங்கம் தன் கடமையாகச் செய்யவேண்டியதைப் பாட்டுப் பாடிப் பெறவேண்டியிருந்தது என்பதற்கும் இதுவே சான்று.

1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கியதும் இந்நிலை மாறிற்று. இலட்சக்கணக்கான இளைஞர் படையிற் சேர்ந்தனர். அனுமதி பெற்ற மனைவி, பெறாத மனைவி என்னும் வேறுபாடு நீங்கியது; பிரிவுக்கால உதவிப்பணம் அனைவர்க்கும் வழங்கப்படலாயிற்று. ஆனால் அதனோடு வேறொன்றும் வந்தது. அவ்வாண்டின் இறுதியில், உதவிப்பணம் பெறும் மனைவியரின் நடத்தையைப் பொலிசார் கவனித்தல் வேண்டும் என்றும், தகுதியற்றவர் எனக் காணப்படுவோர்க்குப் பணத்தை நிறுத்தலாம் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. நாட்டுக்காகக் கணவனை அனுப்பிய பெண், அதற்கென்று பெற்ற சில சில்லிங்குகளுக்காகக் கண்காணிக்கப்படுபவள் ஆயினாள். உரிமையாகக் கொடுக்கவேண்டியதைப் பிச்சையாகக் கொடுப்பவர், பெறுபவரின் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும் அதிகாரமும் தமக்கு உண்டென்று எண்ணத் தொடங்குவர். ஆதரவு அவமதிப்பாக மாறும் இடம் அது.

ஆதரவு பிறரை வருத்தும் கருவியாக மாறியதற்கும் அப்போர்க்காலம் எடுத்துக்காட்டுத் தருகின்றது. 1914 ஓகஸ்ட் மாதம் போக்ஸ்ரன் என்னும் கரையோரப் பட்டினத்தில், சாள்ஸ் பிற்ஸ்ஜெரல்ட் என்னும் கடற்படைத் தளபதி பெண்கள் சிலரைத் திரட்டினார். படையுடை அணியாது தெருவிற் செல்லும் இளைஞருக்குக் கோழைமையின் அடையாளமாக வெள்ளை இறகு வழங்குவது அவர்கள் தொழில். இவ்வழக்கம் நாடெங்கும் பரவிற்று. போர்முனை சென்றோரைப் போற்றுகின்றோம் என்று அவர்கள் எண்ணினர். ஆனால் போரில் காயமுற்று ஓய்வு பெற்று வந்தவர்களும், இன்றியமையாத தொழில்களில் இருந்தவர்களும் அவ்விறகைப் பெற்று நாணி நின்றனர். இறுதியில் 1916இல், காயத்தாலோ நோயாலோ விடுவிக்கப்பட்ட வீரர்கள் அணிந்துகொள்வதற்கென்று வெள்ளிச் சின்னம் ஒன்றை அரசாங்கம் வழங்க நேரிட்டது. நாட்டுக்குக் குருதி சிந்தியவன், நாட்டு மக்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒரு சின்னம் அணிய வேண்டியதாயிற்று!

போர் முடிந்தபின் வேறொரு சின்னம் தோன்றிற்று. அது செந்நிறப் பொப்பி மலர். பிளாண்டர்ஸ் போர்க்களத்தில் முளைத்த அம்மலரை நினைவுச் சின்னமாக்க அமெரிக்காவில் மொய்னா மைக்கேல் என்னும் ஆசிரியையும், பிரான்சில் ஆனா கெரன் அம்மையாரும் முயன்றனர். 1921 முதல் நவம்பர் 11ஆந் திகதியில் பிரித்தானியாவிலும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலும் அம்மலர் விற்கப்பட்டது. விற்று வந்த பணம் ஊனமுற்ற வீரர்க்கும் அவர் குடும்பங்களுக்கும் உரியது. கல்லையும் நிலத்தையும் ஒருங்கே தருகின்ற சிறந்த ஏற்பாடு அது என்று கூறலாம். ஒருவன் நினைவுகூர்ந்து அணிகின்றான். வேறொருவன் அதனால் உண்கின்றான்.

ஆயினும் அம்மலர் இலங்கைக்கு வந்தபொழுது ஒரு வினா எழுந்தது. இங்கே திரட்டிய பணம் பெரும்பாலும் பிரித்தானிய வீரர்களின் நலனுக்கே செல்கின்றது. இந்நாட்டிலிருந்து படையிற் சேர்ந்து திரும்பிய வறியவர்க்கு யாது கிடைக்கின்றது என்பதே அவ்வினா. 1931ஆம் ஆண்டில் ஏலியன் பெரேரா என்பவர், அதே நாளில் சூரிய மலரை விற்று, அப்பணத்தை இந்நாட்டு முன்னாள் வீரர்க்கு வழங்கும் முயற்சியைத் தொடங்கினார். சூரிய மல் என்று சிங்களத்தில் வழங்குவது தமிழில் பூவரசம்பூ. வடபகுதியில் வேலிதோறும் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் அதே மலர்தான். 1933இல் டொரீன் யங் விக்கிரமசிங்க என்னும் பிரித்தானிய ஆசிரியை, பாடசாலைப் பிள்ளைகளைப் பொப்பி மலர் வாங்குமாறு வற்புறுத்துவதைக் கண்டித்து ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். தம் இனத்தவர் பலரின் சினத்துக்கும் அவர் ஆளானார். இளைஞர் கழகங்கள் சூரிய மலர் இயக்கத்தை மேற்கொண்டு நடத்தின. பின்னர் அது படைவீரர் நலன் என்னும் எல்லையைக் கடந்து, அந்நிய ஆட்சியையும் போரையும் எதிர்க்கும் இயக்கமாக வளர்ந்தது. 1934ஆம் 35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் நாட்டை வாட்டியபொழுது அவ்விளைஞரே மருந்தும் உணவுங் கொண்டு கிராமங்களுக்குச் சென்றனர்.

இம்மலர்ப்போர் கற்பிக்கும் பாடம் பொப்பி தீது, பூவரசு நன்று என்பதன்று. சின்னம் ஒன்றை அணியுமுன் இரண்டு வினாக்களைக் கேட்கலாம் என்பதே. ஒன்று, இப்பணம் யார் வீட்டு அடுப்பை எரிக்கின்றது? மற்றொன்று, இதனை அணிபவர் விரும்பி அணிகின்றாரா, அஞ்சி அணிகின்றாரா? பிள்ளைகளிடம் வற்புறுத்தி வாங்கிய ஒரு சதம் அப்பிள்ளைகளுக்கு நன்றியைக் கற்பிப்பதில்லை. நன்றியைப்போல் நடிப்பதையே அது கற்பிக்கும்.

அமெரிக்காவில் 1917இல் வழக்கத்துக்கு வந்த சாளரக் கொடியும் இங்கே குறிப்பிடற்பாலது. இரு புதல்வரைப் படைக்கு அனுப்பிய ரொபேட் குவிஸ்னர் என்னும் ஒகையோ மாநிலப் படையதிகாரி அதனை அமைத்தார். பிள்ளையைப் படைக்கு அனுப்பிய வீட்டின் சாளரத்தில் நீலநிற விண்மீன் பொறித்த கொடி தொங்கும். அவன் இறந்தால் நீலம் பொன்னிறமாகும். அக்கொடி புகழ்ச்சியன்று, அயலவர்க்கு ஓர் அறிவிப்பு. இவ்வீட்டில் ஒருவர் காத்திருக்கின்றார், வரும்போதும் போகும்போதும் ஒரு சொற் கேட்டுச் செல்லுங்கள் என்று அது சொல்லாமற் சொல்லும். கொடியின் பயன் அதனைக் கண்டவர் கதவைத் தட்டினாரா என்பதைப் பொறுத்தது.

இறுதியாக இங்கிலாந்தின் வில்ற்சயர் மாவட்டத்தில் வூற்றன் பசற் என்னும் சிற்றூரை நோக்குவோம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்த பிரித்தானிய வீரரின் உடல்கள் 2007ஆம் ஆண்டு முதல் அண்மையிலுள்ள லைனம் விமானத்தளத்தில் இறக்கப்பட்டு, அவ்வூரின் கடைத்தெரு வழியே எடுத்துச் செல்லப்பட்டன. முதலில் முன்னாள் வீரர் சிலர் தெருவோரத்தில் நின்று தலைவணங்கினர். பின்னர்க் கடைக்காரரும் வழிப்போக்கரும் நின்றனர். நாளடைவில் தொலைவிடங்களிலிருந்தும் மக்கள் வந்து நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கூடினர். கோவில் மணி ஒலிக்கும். கடைகளில் வியாபாரம் நிற்கும். வண்டிகள் கடந்து செல்லும். மக்கள் கலைந்து தத்தம் வேலைக்குச் செல்வர். பேச்சு இல்லை, மேடை இல்லை, கட்டளையும் இல்லை. 2011 ஓகஸ்ட் வரையில் 345 பேரின் உடல்கள் அவ்வழியே சென்றன. அவ்வாண்டு ஒக்டோபரில் அவ்வூருக்கு ‘அரச’ என்னும் அடைமொழி சூட்டப்பெற்றது.

அப்போர்கள் நேரியவையா என்பதில் பிரித்தானிய மக்களிடையே கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. 2003இல் ஈராக் போரை எதிர்த்து லண்டன் வீதிகளிற் பல இலட்சம் பேர் திரண்டனர் என்பதும் வரலாறு. ஆயினும் அச்சிற்றூரின் தெருவோரத்தில் அந்த வாதம் எழவில்லை. போரை முடிவுசெய்பவர் வேறு. அங்கே அனுப்பப்படுபவர் வேறு. முன்னவரிடம் கேட்கவேண்டிய கணக்கைப் பின்னவனுடைய பெட்டியின்மீது எழுதலாகாது. அவ்வாறே, பின்னவன்பால் உள்ள இரக்கத்தைக் காட்டி முன்னவரைக் கேள்வி கேட்கும் உரிமையைப் பறித்தலும் ஆகாது. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்வது கடினம், ஆனால் இயலாததன்று.

இந்நிகழ்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்பொழுது, உண்மையான ஆதரவுக்கு ஊதியமும் இல்லை, உரத்த குரலும் இல்லை என்பது புலனாகும். ரே வில்சனும் கில்டியாவும் எழுதியவை இரண்டு கடிதங்கள். நோர்த் பிளாற் பெண்கள் கொடுத்தவை பாண் துண்டும் கோப்பியும். வூற்றன் பசற் மக்கள் கொடுத்தது சில நிமிட மௌனம். வெள்ளை இறகு கொடுத்தவர்களே ஆரவாரஞ் செய்தவர்கள்.

ஓர் ஊர் செய்யத்தக்கவை மிக எளியவை. பிள்ளையை அனுப்பிய வீட்டில் கடிதம் வராத வாரத்தில் யாரேனும் ஒருவர் சென்று இருத்தல். கூரை ஒழுகும் மாரிக்கு முன் ஓலை வேய்ந்து கொடுத்தல். உரிய உதவிப்பணத்துக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாத தாய்க்கு எழுதிக்கொடுத்தல். தந்தை தொலைவில் உள்ள பிள்ளை வகுப்பிற் சோர்ந்திருந்தால், தண்டிக்குமுன் காரணம் வினாவுதல். கைகால் இழந்து திரும்பி வந்தவனுக்கு மாலையிட்ட அடுத்த மாதத்தில் ஒரு தொழில் தேடித்தருதல். மாலை ஒருநாளில் வாடும். தொழில் அவனைத் தலைநிமிர வைக்கும்.

2009 வரை உள்நாட்டுப் போரால் நலிந்த இந்நாட்டில், காத்திருத்தல் என்பதன் பொருளை எவர்க்கும் விளக்கிக் கூற வேண்டியதில்லை. வாயிலை நோக்கியிருந்த தாயர் எம்மொழி பேசும் இல்லங்களிலும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்களுடைய துயரத்துக்குக் கொடியின் நிறமும் இல்லை, மொழியும் இல்லை. கன்சாஸ் இளைஞனைக் கண்டு, இவன் என் மகன் அல்லன் என்று அந்த நெப்ராஸ்காத் தாய் திரும்பிச் சென்றிருந்தால் அவளைக் குறைகூறுவார் இல்லை. அவள் திரும்பிச் சென்றிலள். கொண்டுவந்ததை அவனிடமே கொடுத்தாள்.

முல்லைப்பாட்டின் மூதாட்டியரும் ஊர்ப்புறத்தில் நின்று கேட்டது ஒரு கன்றைப் பற்றிய சொல்லே. அதனைத் தங்கள் தலைவிக்கு ஆறுதலாகக் கொண்டுவரும் அன்பு அவர்களிடம் இருந்தது. அத்தகைய அன்புடையோர் வாழும் ஊரிலே, காத்திருப்பவர் எவரும் தனித்திரார்.